போர்க்கால ஜப்பானிய ராணுவ வாள் சேகரிக்க ஆசை. முதல் வாளை எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். இணைய ஏலத்தில் 350 டாலருக்கு ஒரு 'சார்ஜென்ட் வாள், ஒரிஜினல்' பார்த்து வைத்திருக்கிறாராம். வாங்கலாமா, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். இதே மாதிரி ஒன்றை 2013இல் நான் வாங்கினேன். தாத்தா ஒகினாவாவிலிருந்து கொண்டுவந்தது என்று விற்றவர் எழுதியிருந்தார். நான் வாளைப் பார்க்கவில்லை, அந்தத் தாத்தாவைத்தான் பார்த்தேன். வாள் வந்ததும் பெருமையாக ஒரு ஆயுதக் கண்காட்சிக்கு எடுத்துப் போனேன். அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் உறையிலிருந்து நாலு விரற்கடை உருவினார், அலகில் குத்தியிருந்த வரிசை எண்ணைப் பார்த்தார், திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, "காபி சாப்பிட்டாயா?" என்று கேட்டார். துக்க வீட்டில் விசாரிப்பது மாதிரி.

சார்ஜென்ட் வாள் என்று விற்பனைக்கு வருவது 1935இல் வந்த 95ஆம் வகை. ராணுவம் தன் செலவில் செய்து கொடுத்த, முழுக்க இயந்திரத்தில் தயாரான வாள். கைப்பிடி உலோக வார்ப்பு. முதலில் செம்பு, அப்புறம் அலுமினியம். நாடா சுற்றியது போல வார்த்து, மேலே வண்ணம் அடித்திருப்பார்கள். போர் முடியும் காலத்தில் அதுவும் கட்டுப்படியாகாமல், கட்டம் கட்டமாகக் கோடு செதுக்கிய மரப்பிடிக்கு வந்துவிட்டார்கள். அரசு உடைமை என்பதால் அலகில், கைக்காப்புக்குப் பக்கத்தில், வரிசை எண் குத்தியிருக்கும். உறையின் வாயிலும் எண் உண்டு. இரண்டும் ஒன்றாக இருந்தால் விலை கூடும். போலிகள் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இங்கேதான்: எண்கள் கோணலாக இருக்கும், அல்லது கைக்கு வந்த அளவில் இருக்கும், அலகில் ஓடும் பள்ளம் அலையடிக்கும், நாடா வார்ப்பு மழுங்கிப் போயிருக்கும். விற்பவரிடம் எண்ணையும் உறையின் வாயையும் நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்த 350 டாலர் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

என்னைக் கேட்டால் முதல் வாளாக அதிகாரி வாளைத்தான் தேடச் சொல்வேன். விலை கூடுதல்தான். ஆனால் பார்க்க, படிக்க அதில் எவ்வளவோ இருக்கிறது. 1868இல் தொடங்கிய மெய்ஜி சக்கரவர்த்தி காலத்திலிருந்து ஜப்பானிய அதிகாரிகள் ஐரோப்பியப் பாணியில், விரல்களைக் காக்கும் வளைந்த காப்பு வைத்த வாளைத்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். தேசிய வெறி தலைக்கேறிய 1930களில் பழைய சாமுராய் தோற்றத்துக்குத் திரும்பினார்கள். 1934இல் புதிய வடிவம் வந்தது. திருக்கை மீன் தோல் போர்த்திய பிடி, மேலே நாடா, செர்ரிப் பூ அலங்காரம். தொங்கும் குஞ்சத்தைப் பார்த்தே பதவி சொல்லலாம்: பழுப்பும் நீலமும் கேப்டன் வரைக்கும், பழுப்பும் சிவப்பும் மேஜர் முதல் கர்னல் வரைக்கும், அதோடு பொன்னிழை சேர்ந்தால் ஜெனரல். குஞ்சத்தை யார் வேண்டுமானாலும் பின்னால் கட்டிவிடலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அதிகாரிகள் வாளைச் சொந்தக் காசில் வாங்கினார்கள். அதனால் வெளியே ஒரே சீருடையாக இருந்தாலும் உள்ளே இருக்கும் அலகு ஆளுக்கு ஆள் வேறு. தொழிற்சாலையில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து எடுத்தது இருக்கும். ஜப்பானியர் நடத்திய மஞ்சூரியா ரயில் நிறுவனம் தன் எஃகில் செய்தது இருக்கும். யாரோ ஒருவருடைய முப்பாட்டன் வைத்திருந்த 400 வருஷத்துப் பழைய அலகும் ராணுவ உறைக்குள் உட்கார்ந்திருக்கும். எது என்று தெரிய ஒரே வழி, பிடியில் இருக்கும் மூங்கில் ஆணியை மெல்லத் தட்டி எடுத்து, பிடியைக் கழற்றி, உள்ளே போகும் வாலைப் பார்ப்பது. ஜப்பானியர் இதை நகாகோ என்பார்கள். செய்தவர் பெயரும் சில சமயம் தேதியும் உளியால் வெட்டப்பட்டிருக்கும். கிஃபு மாகாணத்து செகி ஊரின் சிறிய முத்திரை இருந்தால் அநேகமாகத் தொழிற்சாலைச் சரக்கு. நட்சத்திர முத்திரை இருந்தால் ராணுவம் ஒப்புதல் கொடுத்த கொல்லர் பழைய முறைப்படி அடித்தது. 1933இலிருந்து 1945 வரை டோக்கியோவில் போரில் இறந்தவர்களுக்காக இருக்கும் யசுகுனி ஆலய வளாகத்திலேயே பட்டறை போட்டுச் சுமார் 8,100 வாள் அடித்தார்கள். அதில் ஒன்று அகப்பட்டால் இந்தப் பதிலைப் படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது.

அந்த வாலில் இருக்கும் துருவைத் தொடாதீர்கள். இதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்க வேண்டும். வாளின் வயதைச் சொல்வது அந்தத் துருவின் நிறம்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டாவதாக வாங்கியது நிஜமான அதிகாரி வாள், ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் கிடைத்தது. எழுத்து சரியாகத் தெரியவில்லையே என்று பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். எழுத்து நன்றாகவே தெரிந்தது. பாதி விலை போனது.

மெருகு போட ஜப்பானுக்கு அனுப்பலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தொழிற்சாலை அலகு என்றால் கூடாது. பழைய முறையில் அடிக்காத அலகை அங்கே பதிவு செய்ய முடியாது. சுங்கத்தில் பிடித்தால் திரும்பாது. தான் செய்த வாளையே அந்த நாடு உள்ளே விடாது என்பது வேடிக்கைதான். இந்தியாவுக்கு ஊர் திரும்பும்போது பெட்டியில் போட்டுக்கொள்ளும் எண்ணமும் வேண்டாம். 9 அங்குலத்துக்கு மேல் அலகு நீளம் போனால் ஆயுதச் சட்டம் வந்துவிடும்.

கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இந்த வாளால் தலை வெட்டியிருக்கிறார்கள்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி விலையை ஏற்றும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் நான் வாளைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அமெரிக்க வீடுகளில் இருப்பவற்றில் ஏராளமானவை 1945இல் சரணடைந்த பிறகு குவியலாக வாங்கி வைத்து, நினைவுப் பொருளாகச் சிப்பாய்களுக்குக் கொடுத்தவை. படைப்பிரிவு அதிகாரி கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு கூடவே வந்தால் அதற்கு மதிப்பு உண்டு. வாய்க்கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

எனக்கும் ஒரு கதை இருக்கிறது, ஆனால் அது வாளோடு வந்ததில்லை. என் பாட்டியின் அண்ணன் மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனான் என்ற அளவோடு அவரைப் பற்றிய செய்தி நின்றுவிட்டது. 2019இல் அப்பா இங்கே வந்திருந்தபோது, நான் தேய்த்துக் கெடுத்த அந்த வாளின் வாலைக் காட்டி, "ஷோவா 18. அது அவர்கள் சக்கரவர்த்தி ஆட்சிக் கணக்கு. இதோடு 1925ஐக் கூட்டினால் நம் வருஷம்" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பா மனதுக்குள் கூட்டினார். வாளைக் கையில் வாங்கவில்லை. "வெச்சுக்கோ. சாமி ரூம் பக்கம் மட்டும் வேண்டாம்" என்றார்.

அதுவரை அது சாமி அறைக்கு அடுத்த அலமாரியில் இருந்தது. மறுநாள் கீழே பேஸ்மென்டுக்கு மாற்றினேன். அங்கே ஈரம் அதிகம் என்பதால் மாதம் ஒருமுறை எடுத்து, பழைய எண்ணெயை மெல்லிய துணியால் துடைத்துப் புதிதாக ஒரு பூச்சு கொடுக்கிறேன். கிராம்பு மணக்கும் ஜப்பானிய வாள் எண்ணெய் கடையில் கிடைக்கிறது, இல்லையென்றால் தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் போட்டுவிடாதீர்கள், பிசுபிசுப்பாகிவிடும்.