13,000 ரூபாய்க்குள் ஓவர்கிளாக் செய்ய எந்த மதர்போர்டு?

கேள்வி: நான் திருச்சியில் பொறியியல் படிக்கிறேன். கேமிங் கணினிக்காக ரைசன் 5 7600 ப்ராசஸரும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டும் வாங்கிவிட்டேன். மதர்போர்டுக்கு 13,000 ரூபாய்தான் கையில் இருக்கிறது. ஒரு கடைக்காரர் ஏ620 போர்டே போதும், அதிலேயே ஓவர்கிளாக் ஆகும் என்கிறார். இன்னொருவர் எக்ஸ்670 இல்லாமல் ஓவர்கிளாக்கைப் பற்றி நினைக்கவே கூடாது என்கிறார். என் அறையில் ஏசி கிடையாது. எதை வாங்கலாம்?

பதில்: இருவர் சொல்வதும் தவறு. நீங்கள் வாங்க வேண்டியது பி650 சிப்செட் (போர்டின் இணைப்புகளை ஆளும் சில்லு) உள்ள, மைக்ரோ ஏடிஎக்ஸ் என்னும் சிறிய அளவிலான ஒரு போர்டு. உங்கள் தொகைக்குள் அது கிடைக்கக்கூடியதே.

ஓவர்கிளாக் என்றால் ப்ராசஸரை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. அப்படி வேகத்தைக் கூட்ட ப்ராசஸர் மட்டும் இடங்கொடுத்தால் போதாது, போர்டில் உள்ள சிப்செட்டும் அனுமதிக்க வேண்டும். உங்கள் 7600 அதற்கு இடங்கொடுக்கிறது. ஏ620 சிப்செட்டில் அந்த வசதியை ஏஎம்டி நிறுவனமே அடைத்து வைத்திருக்கிறது. எக்ஸ்670 விஷயம் வேறு. பி650-இல் ஒன்றாக இருக்கும் அதே சில்லை இரண்டாக அடுத்தடுத்துத் தொடுத்தால் அதுதான் எக்ஸ்670. கூடுதல் யுஎஸ்பி துளைகளும் கூடுதல் எஸ்எஸ்டி இடங்களும் அதில் கிடைக்கும், விளையாட்டின் வேகம் கூடாது. ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டும் ஓர் எஸ்எஸ்டியும் பொருத்தப்போகிறவருக்கு அந்தக் கூடுதல் பணம் வீண்.

ஏ620 பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தக் கடைக்காரர் பாதி உண்மையைத்தான் முழு உண்மையாக விற்கிறார். ஏ620-இல் ப்ராசஸரின் வேகத்தைக் கூட்ட முடியாது; ஆனால் மெமரியின் வேகத்தைக் கூட்டலாம். உங்கள் ப்ராசஸருக்கு அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்ட மெமரி வேகம் டிடிஆர்5-5200. கடையில் 6000 என்று அச்சிட்டு விற்கும் மெமரியை வாங்கிப் பொருத்தினால், அது தானாக அந்த வேகத்தில் ஓடாது. போர்டிலேயே பதிந்துள்ள அடிப்படை மென்பொருளான பயாஸில் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க வேண்டும். ஏ620 போர்டுகளிலும் அந்த அமைப்பு உண்டு. ஆகவே, "மெமரியை 6000-இல் ஓட்டினால் போதும், ப்ராசஸரைத் தொடமாட்டேன்" என்பவருக்கு, அவருடையதும் உங்களுடையதைப் போல 65 வாட் என்று குறித்த ப்ராசஸராக இருந்தால், ஒரு நல்ல ஏ620 போர்டு நியாயமான தேர்வுதான். விளையாட்டில் கண்ணுக்குத் தெரியும் பலனில் பெரும்பகுதி மெமரியில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ப்ராசஸரை எவ்வளவு விரட்டினாலும் உங்கள் 4060 கார்டுதான் பெரும்பாலான விளையாட்டுகளில் எல்லைக்கோடு போடும். ஆனால் நீங்கள் ஓவர்கிளாக் செய்தே பார்க்க வேண்டும் என்று கேட்கிறீர்கள், எனவே பி650.

முன்பு எழுத்தைப் பார்த்தே தரம் பிரிக்கலாம்: ஏ என்றால் முடியாது, பி என்றால் முடியும். 2025 தொடக்கத்தில் அறிவித்த பி840 சிப்செட்டில் அதையும் குழப்பிவிட்டார்கள். பெயரில் பி இருந்தும் அதில் ப்ராசஸர் ஓவர்கிளாக் கிடையாது. எண் பெரிது, போர்டு புதிது என்று சொல்லி இதை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பி650 இருப்பில் இல்லையென்றால் பி850 கேளுங்கள், பி840 வேண்டாம். வாங்குபவர் குழம்பினால் யாருக்கு லாபம் என்று இந்தப் பெயர்களை வைப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்ததாக, பி650 போர்டுகள் எல்லாம் ஒரே தரமல்ல. பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை ப்ராசஸருக்கு வேண்டிய ஏறத்தாழ ஒன்றேகால் வோல்ட்டாகக் குறைத்துத் தருவது ப்ராசஸரைச் சுற்றியுள்ள விஆர்எம் என்னும் பகுதி. 65 வாட் என்று குறித்திருந்தாலும், 7600 அதன் இயல்பு உச்சவரம்பான 88 வாட்டை எடுக்கும்போதே 70 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் அதன் வழியே பாய்கிறது. ஓவர்கிளாக் செய்தால் இன்னும் கூடும். விலையைக் குறைப்பதற்காக விஆர்எம்மின் மேல் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் பொருத்தாமலோ, ஒரு பக்கம் மட்டும் பொருத்தியோ விற்கும் போர்டுகள் சந்தையில் உண்டு. குளிரூட்டிய அறையில் செய்த விமர்சனத்தில் அவை தேறிவிடும். சித்திரை வெயிலில் உங்கள் அறையில் தேறாது. சூடு எல்லை மீறினால் போர்டு ப்ராசஸரின் வேகத்தைத் தானே குறைத்துவிடும். எனவே ப்ராசஸர் அமரும் சாக்கெட்டின் இடப்புறமும் மேற்புறமும் கனமான உலோக ஹீட்சிங்க் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பெட்டியில் உள்ள "12 ஃபேஸ்" என்று விஆர்எம்மின் மின்வழிகளை எண்ணிச் சொல்லும் வாசகங்களை நம்ப வேண்டாம். ப்ராசஸருக்கு நேரடியாகச் சேராதவற்றையும் கூட்டித்தான் சிலர் அந்தக் கணக்கைச் சொல்கிறார்கள்.

இனி கடையில் நடப்பது. இந்த போர்டுகளில் உள்ள ஏஎம்5 சாக்கெட்டில் 1,718 மெல்லிய பின்கள் போர்டின் பக்கம்தான் இருக்கின்றன, ப்ராசஸரில் இல்லை. ஒன்று வளைந்தாலும் சர்வீஸ் சென்டரில் "வாடிக்கையாளர் சேதம்" என்று எழுதிக் கையை விரித்துவிடுவார்கள்; வளைத்தது கடைக்காரரா நீங்களா என்று யாரும் விசாரிக்கப்போவதில்லை. எனவே சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் திருச்சியில் வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன்பு பெட்டியைத் திறக்கச் சொல்லி, சாக்கெட்டின் மூடியை நீக்கி, செல்போன் விளக்கில் பின்களைப் பார்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். பெட்டியிலும் போர்டிலும் உள்ள வரிசை எண் ஒன்றாக இருக்க வேண்டும், அந்த எண் ஜிஎஸ்டி பில்லிலும் ஏற வேண்டும். "பில் இல்லாமல் எடுத்தால் 18 சதவீதம் மிச்சம்" என்று காதோடு சொல்பவர் உங்கள் வாரண்டியைத்தான் மிச்சம் பிடிக்கிறார். இணையத்தில் பார்த்த மாடலும் கையில் வாங்கும் மாடலும் ஒரே ரிவிஷனா (திருத்தப் பதிப்பா) என்பதையும் போர்டின் ஓரத்தில் பாருங்கள்; அதே பெயரில் மலிவான பாகங்களை வைத்துப் பின்னால் விடும் பழக்கம் இத்துறையில் புதிதல்ல.

மெமரியை இரண்டு 16 ஜிபி துண்டுகளாகவே வாங்குங்கள். நான்கு துண்டு பொருத்தினால் அதிகாரபூர்வ வேகம் 3600-க்கு இறங்கிவிடும். போர்டு வந்ததும் முதலில் பயாஸைப் புதுப்பித்துவிட்டு, அதற்குப் பிறகு எக்ஸ்போவை இயக்குங்கள். 2023-இல் சில ரைசன் 7000 ப்ராசஸர்கள் கருகிப்போனதால், ப்ராசஸருக்குள் மெமரியை ஆளும் பகுதிக்குச் செல்லும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி புதிய பயாஸில் வரம்பு வைத்திருக்கிறார்கள். பழைய பயாஸில் அந்தக் காப்பு இருக்காது. எக்ஸ்போவை விளம்பரப்படுத்தும் ஏஎம்டியே அதை இயக்கினால் ப்ராசஸரின் வாரண்டி செல்லாது என்று சிறிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறது. அதை ஏற்க மனமில்லையென்றால் 5200-லேயே ஓட்டுங்கள். அப்படி முடிவு செய்தால் ஓவர்கிளாக் எண்ணத்தையும் விட்டுவிட்டு, ஹீட்சிங்க் உள்ள ஏ620 ஒன்றை எடுத்துக்கொண்டு, மிஞ்சும் பணத்தில் காற்றோட்டமுள்ள கேபினட் வாங்கிக்கொள்ளுங்கள்.