அம்மாவை எழுந்து நடக்க விடுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அம்மாவுக்கும் கார்த்திகையில் அதே சத்திரசிகிச்சை நடந்தது, ஆறு வாரமாகிறது. வயது 62. தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறார். நான் கொழும்பில் வேலை செய்வதால் அண்ணிதான் பார்த்துக்கொள்கிறார். அம்மா எழுந்தாலே எல்லோரும் பதறி, மூன்று மாதம் அசையாமல் கிடக்கச் சொல்கிறார்கள். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா எண்ணெய் போட்டுக் கால் நீவிவிடுகிறார். கழிப்பறை வெளியே, குந்தும் வகை. அதனால் கட்டிலருகே சட்டி வைக்கிறார்கள். அம்மா அதற்குக் கூசி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். மறுபடி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகலாமா, மாசியில் மாத்தளை முத்துமாரியம்மன் தேர்த்திருவிழாவுக்குப் போகலாமா என்று கேட்கிறார். இந்த மூட்டு எவ்வளவு காலம் உழைக்கும்?

ஒரு வாசகி, கொழும்பு

அன்புள்ள தங்கச்சி,

அம்மா தண்ணீரைக் குறைத்துவிட்டார் என்று படித்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். முதலில் கழிப்பறையைக் கவனியுங்கள். இரும்புச் சட்டம் போட்ட கொமட் கதிரை (நடுவில் துளையும் அடியில் வாளியும் உள்ள கழிப்பறைக் கதிரை) ஒன்று வாங்குங்கள். வாளியைக் கழற்றிவிட்டால் அதைக் குழிக்கு மேலேயே வைக்கலாம். பிளாஸ்டிக் கதிரையின் நடுவை வெட்டி வைப்பவர்கள் உண்டு. அது வேண்டவே வேண்டாம். வெட்டிய கதிரை வலுவிழந்து, ஈரச் சீமெந்தில் கால்கள் அகன்றுவிடும். அம்மா அமர்ந்திருக்கும்போது முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். அந்த உயரத்துக்குக் கதிரைக் காலைச் சரிசெய்யுங்கள். பிடித்து எழ, சுவரில் ஒரு குழாயை இறுக்கிப் பொருத்தச் சொல்லுங்கள். வழியிலுள்ள படிகளில் பாசியைத் தேய்த்துக் கழுவி, இரவுக்கு ஒரு விளக்குப் போடுங்கள்.

உயரத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், புதிய மூட்டு ஒரு கிண்ணமும் அதற்குள் சுழலும் பந்தும்தான். பின்பக்கமாகத் திறந்து செய்த சத்திரசிகிச்சையானால், வெட்டிய தசைகள் ஆறும்வரை பந்து பின்னால் நழுவும் அபாயம் உண்டு. குந்துவதும், 90 பாகைக்கு மேல் இடுப்பை மடக்குவதும், கால்மேல் கால் போடுவதும், பாதத்தை உட்பக்கம் திருப்புவதும் அதற்கு வழிவிடும். எப்பக்கமாகச் செய்தார்கள், எந்த அசைவு எவ்வளவு காலம் கூடாது என்று சத்திரசிகிச்சை நிபுணரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் அது மாறும்.

ஆனால் அசையாமல் கிடக்கச் சொல்பவர்களை நீங்கள்தான் நிறுத்த வேண்டும். இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்கவைப்பதுதான் இன்றைய வழக்கம். படுத்தே கிடந்தால் தொடைத் தசை வற்றும். காலில் இரத்தம் உறையக்கூடும். தண்ணீரும் குறைந்தால் அந்த அபாயம் இன்னும் கூடும். அண்ணியும் அயலவர்களும் பாசத்தில்தான் தடுக்கிறார்கள். அந்தப் பாசம் அம்மாவின் காலைப் பலவீனப்படுத்துகிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

பெரியம்மா நீவிவிடுவதையும் இன்றே நிறுத்துங்கள். கெண்டைக்கால் வீங்கி, சூடாகி வலித்தால், உள்ளே உறைந்த கட்டி இருக்கக்கூடும். தேய்த்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். கால் வீங்கினால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. காயம் சிவந்து நீர் வடிந்தாலும், காய்ச்சல் வந்தாலும், தோட்ட மருந்தகத்தில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

லயத்துப் படிகளுக்கு, உடற்பயிற்சி சொல்லித்தரும் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) எனக்குச் சொல்லித்தந்தது இது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் சத்திரசிகிச்சை செய்த காலும் முதலில். ஒற்றை ஊன்றுகோல் என்றால் நல்ல காலின் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். பலரும் நோகும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள், அது தவறு. அண்ணி ஒரு படி கீழே நிற்கட்டும்.

தரையடுப்பை இடுப்பளவு மேடைக்கு ஏற்றுங்கள். நின்றபடி தனக்கொரு பிளேன்டீ ஊற்றிக்கொள்ள அம்மா முன்வந்தால், யாரும் ஓடிப்போய்க் கேத்தலைப் பறிக்க வேண்டாம். விறகு சுமப்பதும் தண்ணீர்க்குடம் தூக்குவதும் மட்டும் ஆகாது.

மலை விடயத்தில் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். கொழுந்துப் பையைச் சுமந்து, மழையில் வழுக்கும் சரிவில் நிரை பிடிக்கும் வேலைக்கு அவர் திரும்பக்கூடாது. இதைக் கேட்டு அழுவார். சம்பளம் மட்டுமா போகிறது? விடிந்ததும் கூட்டாளிகளோடு சேர்ந்து இறங்கிய வாழ்க்கையும் அல்லவா போகிறது! ஆகவே மாலையில் அவர்கள் திரும்பும் நேரத்துக்கு இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், உயரமான, கைப்பிடியுள்ள கதிரை ஒன்றைப் போட்டுவையுங்கள். வருகிறவர்கள் பக்கத்தில் உட்காருவார்கள்.

மூட்டின் ஆயுளைக் கேட்டிருந்தீர்கள். 2019இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் நூற்றுக்கு 58 அளவில் 25 ஆண்டுகள் உழைக்கின்றன. 62 வயதில் அது நல்ல செய்தி.

தேருக்குள் சத்திரசிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். நிபுணர் சம்மதித்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். வான் வண்டியின் முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, தலையணை போடுங்கள். அம்மா முதலில் பின்புறமாக அமர்ந்து, காலைப் பிறகு உள்ளே எடுக்கட்டும். வழியில் அவ்வப்போது இறக்கி நடக்கவிடுங்கள். வடம் பிடிக்கும் நெரிசலுக்குள் விடாமல், வீதியோரம் கதிரை போட்டு அமர்த்துங்கள். விழுந்து கும்பிட வேண்டாம், நின்று கும்பிட்டால் போதும் என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். அம்மனைக் கண்டதும் அவருக்கு எதுவும் நினைவிருக்காது.

அன்புடன்,
அக்கா