நியூயார்க் டைம்ஸ் இணையத்தில் சில கட்டுரைகளுக்குப் பிறகு பணம் கேட்பது ஏன்?

இந்த ஏற்பாட்டுக்குக் 'கட்டணச் சுவர்' என்று பெயர். கொஞ்சம் இலவசமாகப் படிக்கலாம். அதற்கு மேல் படிக்கச் சந்தா கட்ட வேண்டும்.

1851-இல் ஒரு சென்ட் விலையில் பிறந்த நாளிதழ் இது. நெடுங்காலம் அதற்குச் சோறு போட்டது விளம்பரம்தான். 1996-இல் இணையதளம் வந்தது. ஆனால் வேலை, வீடு, கார் என்று பத்தி பத்தியாக வந்த வரி விளம்பரங்கள் வேறு தளங்களுக்கு நழுவிவிட்டன. 2005-இல் பத்தி எழுத்தாளர்களின் கட்டுரைகள் போன்ற சிலவற்றை மட்டும் பூட்டிப் பார்த்தார்கள். சரிவரவில்லை, 2007-இல் திறந்துவிட்டார்கள்.

2011 மார்ச்சில் வந்த திட்டம்தான் கெட்டிக்காரத்தனமானது: அப்போது மாதம் 20 கட்டுரை இலவசம், இருபத்தொன்றாவதுக்குக் காசு. பலகாரக் கடைக்காரர் உள்ளங்கையில் கொஞ்சம் மிக்சர் வைப்பாரே, அதே கணக்கு. ருசி பிடித்தவர் கால் கிலோ கட்டச் சொல்வார். மற்றவர் நகர்ந்துவிடுவார், கடைக்குப் பெரிய நட்டமில்லை. 2012-இலேயே வாசகர் தந்த பணம் விளம்பர வருமானத்தை மிஞ்சியது. பிறகு சமையல் குறிப்புகளும், 2022-இல் வாங்கிய வேர்டில் விளையாட்டும் சேர்ந்துகொண்டன. (செய்தியை விட்டுவிட்டு அந்த ஐந்தெழுத்துப் புதிருக்காகவே வருகிறவர்களும் உண்டு!)

இணையத்துக்கு மாறியதால் அச்சுப் பதிப்பு நின்றுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது இன்றும் நாள்தோறும் அச்சாகிறது.