மலிவு என்றால் மட்டமா?

கேள்வி: சென்ற இதழில் 'பாலக்கோட்டில் தக்காளி மலிவு' என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். மலிவு என்றால் மட்டம் என்றுதானே பொருள்? விளைவித்தவனை இழிவுபடுத்தாமல் 'விலை குறைவு' என்று எழுத உங்களுக்குத் தெரியாதா?
– தக்காளி விவசாயி, பாலக்கோடு

பதில்: தெரியும். ஆனால் மட்டம் என்ற பொருள் அந்தச் சொல்லின் மேல் பிறகு ஏறிய தூசு. மலிதல் என்றால் நிறைதல், மிகுதல். 'ஊழல் மலிந்துவிட்டது' என்று யாராவது சொன்னால், ஊழல் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்றா எடுத்துக்கொள்கிறீர்கள்? (அதன் விலை ஏறிக்கொண்டேதான் போகிறது.) 'உலகெலாம் உணர்ந்து ஓதற்கு அரியவன், நிலவு உலாவிய நீர்மலி வேணியன்' என்று பெரியபுராணத்தைத் தொடங்குகிறார் சேக்கிழார். கங்கை நீர் நிறைந்த சடை. அதில் மட்டம் எங்கே வந்தது?

சரக்கு மிகுந்தால் விலை இறங்கும். அதனால் மிகுதியைச் சொன்ன சொல்லே இறங்கிய விலைக்கும் பெயராயிற்று. உங்கள் ஊர் மார்க்கெட்டில் காலையில் கேட்கும் முதல் கேள்வியே 'இன்றைக்கு வரத்து எப்படி?' என்பதுதானே! வரத்துக்கும் விலைக்கும் உள்ள அந்தக் கணக்கு மலிவு என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. நீங்கள் சிபாரிசு செய்யும் 'விலை குறைவு' காரணத்தைச் சொல்லாது. வியாபாரிகள் கூடிப் பேசி இறக்கினாலும் அது விலை குறைவுதான்.

சேக்கிழாரின் அதே பாட்டில் இருக்கும் 'அரியவன்' என்பதையும் பாருங்கள். அருமை என்றால் கிடைப்பதற்கு அரிய தன்மை. பழந்தமிழில் உயர்ந்த விலைக்கு 'அருவிலை' என்று பெயர். இன்று ஓட்டல் சாம்பாரைக்கூட அருமை என்கிறோம். எளிதில் கிடைக்காதது உயர்த்தி, குவிந்து கிடப்பது மட்டம் என்ற மனப்போக்கில் ஒரு சொல் மேலே போனது, மற்றது சரிந்தது. 'மலிவான அரசியல்', 'மலிவான விளம்பரம்' என்று எழுதித் தள்ளிய எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு. புத்தகம் போடுகிறவர்கள்தாம் 'மலிவுப் பதிப்பு' என்று கூசாமல் அட்டையிலேயே அச்சிடுகிறார்கள்.

வேர்ப்பொருளைக் கறாராகப் பிடித்தால் 'விலை மலிந்தது' என்பதற்கு விலை கூடியது என்றே பொருள் வரவேண்டும். வழக்கில் ஊன்றிவிட்டது, விட்டுவிடுவோம்.

ஆனாலும் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மலிவு என்பது தர்மபுரி உழவர் சந்தையில் பையோடு நிற்பவர் வாயில் வரும் சொல். விற்கிறவர் 'விலை விழுந்துவிட்டது' என்பார், 'பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை' என்பார். பழத்தைப் பறிக்காமல் செடியிலேயே விட்டுவிட்ட தோட்டத்தின் படத்தை அச்சிட்டு, அதற்கு மேல் வாங்குகிறவரின் சொல்லைத் தலைப்பாக வைத்தது எங்கள் பிழை. 'தக்காளி விலை வீழ்ச்சி' என்று போட்டிருக்க வேண்டும். உதவி ஆசிரியரிடம் சொல்லியாகிவிட்டது.