ஐஸ் உருகி வந்த ஊசி

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடல் அழற்சி நோய்க்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடலிமுமாப் ஊசி போட்டு வருகிறோம். இந்த முறை இணையக் கடையில் வாங்கினோம். பெட்டியைத் திறந்தால் ஐஸ் பேக் முழுவதும் உருகி, மருந்து வெதுவெதுப்பாக இருந்தது. திரவம் தெளிவாகத்தான் தெரிகிறது. திரும்பப் பெற மாட்டோம் என்கிறார்கள். போடலாமா?
- வாசகி, கோவை

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள், அம்மா. தெளிவாகத் தெரிவதை நம்ப முடியாது.

இந்த நோயில் குடல் சுவரிலுள்ள நோய் எதிர்ப்பு அணுக்கள், 'தாக்கு' என்ற செய்தியை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அதைச் சுமந்து செல்லும் புரதங்களில் முக்கியமானது டிஎன்எஃப். அது சுரக்கச் சுரக்க, ரத்தத்திலிருந்து மேலும் அணுக்கள் வந்து குவிந்து குடல் புண்ணாகிறது. அடலிமுமாப், டிஎன்எஃப்பைப் பிடித்து, செய்தி அடுத்த அணுவைச் சேராமல் தடுக்கிறது. இதுவும் புரதம்தான்; வடிவம் சரியாக இருந்தால்தான் பிடிக்கும். சூட்டில் அந்த வடிவம் குலையும். முட்டை வேகும்போது வெள்ளைக் கரு மாறுவது கண்ணுக்குத் தெரியும். ஊசியில் தெரியாமலே போகலாம்.

குலைந்து திரண்ட புரதத்தை உடல் அந்நியமாகக் கருதி, இந்த மருந்துக்கு எதிராகவே எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடவும் கூடும். பிறகு நல்ல ஊசியின் பலனும் குறைந்துபோகும். என் கவலையெல்லாம் அதுதான்.

இந்த ஊசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். சில தயாரிப்புகள் 25 டிகிரிக்கு மிகாத சூட்டில் 14 நாள்வரை தாங்கும். ஆனால் கோடையில் டெலிவரி வண்டிக்குள் 25 டிகிரி ஏது? முடிவு தெரியும்வரை இதை அட்டைப் பெட்டியோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்தாலும் கெடும். தயாரிப்பாளரை அழைத்து, பெட்டியிலுள்ள பேட்ச் எண்ணைச் சொல்லி, இதைப் போடலாமா என்று கேளுங்கள். டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள், தவணை தள்ளிப்போகக் கூடாது.

கடைக்காரர் சொல்வது செல்லாது. குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. உருகிய ஐஸ் பேக், பேட்ச் எண், பில் ஆகியவற்றைப் படமெடுத்து, எழுத்துமூலம் பணத்தைக் கேளுங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும் புகார் கொடுங்கள். அடுத்த முறை டெலிவரி ஆள் வாசலில் நிற்கும்போதே பெட்டியைத் திறந்து, ஐஸ் பேக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.