நிறுக்கிறது யாரு?

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனை ஆலையில் லேப் வேலை பார்க்கிறேன். வயது 36. ஷிப்ட் முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கியபின் இரவு 11 மணிக்கு உட்கார்ந்தால் 3 மணி வரை படம். வெளிநாட்டில் ஒரு சிறிய காமிக்ஸ் பதிப்பாளருக்கு மாதம் 22 பக்கம் தருகிறேன். பென்சிலும் மையும் நான்தான். கணினியில் அடிவண்ணம் நிரப்புவது மனைவி. மூத்தவளுக்கு ஒன்பது வயது, மை காய்ந்ததும் பென்சில் கோட்டை அழிப்பது அவள் பொறுப்பு. ரொம்பச் சுத்தமாகச் செய்வாள். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. திருத்தம் எத்தனை தடவை கேட்டாலும் அதே காசுதான், அதுவும் 60 நாள் கழித்து.

ஆறு மாதமாக இரவில் வலது கை கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை மரத்துப்போகிறது. சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், கொஞ்சம் இருக்கிறது. ஜப்பானில் பெரிய ஓவியர்கள் எல்லாம் தூங்காமல் வரைந்தவர்கள்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

ஆலை வேலையை விட்டுவிடலாமா? வீட்டுக்கும் படத்துக்கும் நேரத்தை எப்படிப் பிரிப்பது? தாளை விட்டுத் திரையில் வரையும் கருவி வாங்கலாமா? மலேசியக் கேலிச்சித்திரக்காரர் லாட் என்ன, ஆலையில் வேலை பார்த்துக்கொண்டா வரைந்தார்? மாதிரிக்கு ஒரு பக்கம் இணைத்திருக்கிறேன். மூலையில் இருக்கும் நாயை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். என் பெயர் வேண்டாம்.

*

தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது அம்மா மதியத் தூக்கத்தில் இருந்தார். 84 வயது. ரப்பர் மரம் வெட்டும் உளியைக் கீழே வைத்து முப்பது வருடமாகிறது. ஆனால் அரைத்தூக்கத்தில் அவருடைய வலது மணிக்கட்டு இன்னும் அசையும். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே, சின்னச் சின்ன இழுப்பாக. ஒரு கோடு முடிந்ததும் கை கொஞ்சம் நிற்கும். அடுத்த மரத்துக்கு நடக்கிறார் போலிருக்கிறது. கொஞ்ச நாளாகவே அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் மரத்துப்போன கையோடு நீங்கள் வந்து சேர்ந்தீர்கள்.

அம்மா எழுந்ததும் கோப்பி கொடுத்து, கடிதத்தைப் படித்துக் காட்டினேன். காமிக்ஸ் என்றால் என்ன என்று விளக்கவே பாதிக் கோப்பி ஆறிவிட்டது. முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "தாள் கணக்குக்குக் காசா? அப்போ நிறுக்கிறது யாரு?"

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். திரைக் கருவியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் சுண்ணாம்புக் கட்டியோடு ஓய்வு பெற்றவள். லாட் ஆலையில் வேலை பார்க்கவில்லை, உண்மை. ஆனால் அவரும் நம் பேராக்காரர்தான். பத்திரிகையில் குற்றச் செய்தி சேகரிக்கும் நிருபராக இருந்தவர், 1974இல்தான் கேலிச்சித்திரக்காரராக வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவருடைய கம்பத்துப் பையன் (கிராமத்துப் பையன்) கதை புத்தகமாக வந்தது 1979இல். வயிற்றுக்கு ஒரு வேலை இருந்தது, கோட்டுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஜப்பான் கதையை மட்டும் சும்மா விட முடியாது. ஓசாமு தெசூகா 1989இல் இறந்தபோது வயது 60. கெந்தாரோ மியூரா 2021இல் இதயப் பெருங்குழாய் கிழிந்து இறந்தார், 54. இன்னொருவர் ஷிகேரு மிசுகி, போரில் இடது கையை இழந்தவர், மிச்சமிருந்த ஒரு கையால் வாழ்நாள் முழுக்க வரைந்தார். தூங்குங்கள், தூங்குங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். 93 வயது வரை இருந்தார். உதாரணம் வேண்டுமென்றால் இவரை எடுத்துக்கொள்ள உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? தூங்காதவனைக் கும்பிடுவதில் நமக்கு ஒரு கிறுக்கு இருக்கிறது.

சரி, அம்மாவின் கேள்வி.

எங்கள் தோட்டத்தில் பகல் பதினொன்றுக்கு மேல் தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளியோடு எல்லாரும் ஸ்டோருக்கு வருவார்கள். பாலை நிறுத்ததும் கணக்கெழுதும் கிராணி ஒரு மிதவைக் குச்சியைப் பாலில் விடுவார். மெட்ரோலாக் என்று பெயர். இதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதை அந்தக் குச்சி சொல்லும். குச்சி சொன்னதைக் கிராணி எழுதுவார். அம்மாவுக்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரியாது. லயத்து வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னால் அடுப்புக்கரியால் கோடு போட்டு வைப்பார், வாளிக்கு ஒன்று. சம்பள நாளில் கரிக்கோடு ஒரு கணக்குச் சொல்லும், புத்தகம் ஒரு கணக்குச் சொல்லும். அம்மா ஒருநாளும் கிராணியிடம் போய்க் கேட்டதில்லை. ஆனால் கோடு போடுவதை நிறுத்தியதும் இல்லை.

உங்கள் பதிப்பாசிரியர் ஒரே பக்கத்தை மூன்றாம் தடவை திருத்தச் சொல்லும்போது அந்தக் குச்சியைத்தான் உள்ளே விடுகிறார். பாலில் தண்ணீர் அதிகம் என்கிறார். நீங்களும் தலையாட்டிவிட்டுக் கூடுதலாக ஒரு இரவைக் கொட்டுகிறீர்கள். கதவுக்குப் பின்னால் கரிக்கோடாவது போட்டு வைத்திருக்கிறீர்களா? நான் போட்டுப் பார்த்தேன். ஒரு இரவுக்கு 4 மணி நேரம், மாதம் 30 இரவும் உட்கார்ந்தால் 120 மணி நேரம். 22 பக்கத்துக்குப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு ஐந்தரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதற்குள் பென்சில், மை, திருத்தம் எல்லாம். அமெரிக்க மாத இதழ்களில் பென்சிலுக்கு ஒருவர், மைக்கு ஒருவர், வண்ணத்துக்கு ஒருவர், எழுத்துக்கு ஒருவர் என்று வேலையைப் பிரித்துத்தான் 20, 22 பக்கத்தை ஒப்பேற்றுகிறார்கள். நீங்கள் ஒரு ஆள். ஒரு ஆள் இல்லை என்பதுதான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது.

மூத்தவள் ரொம்பச் சுத்தமாக அழிப்பாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் இருக்கும் பெருமை எனக்குத் தெரியும். நானும் ஒன்பது வயதில் மங்கு, அதாவது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம், துடைத்தவள். பள்ளி விடுமுறை என்றால் விடியும் முன்பே அம்மாவின் நெற்றி விளக்குக்குப் பின்னால் நடப்பேன். வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை ஒரே இழுப்பில் நூலாக உரிக்க வேண்டும். மங்கைத் துடைத்துக் கம்பியில் வைக்க வேண்டும். அம்மா "என் பொண்ணு கை சுத்தம்" என்று அக்கம்பக்கத்து நிரைக்காரர்களிடம் சொல்வார். அதைக் கேட்பதற்காகவே இன்னும் நூறு மரம் ஓடுவேன். கொசு, அட்டை, ஈரச் சருகு வாசம், எட்டு மணிக்கு மரத்தடியில் சேர்ந்து பசியாறுகிற ரொட்டி. அந்தக் காலைகளை யாரும் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஆனால் செக்ரோலில், அதாவது கூலிப் பதிவேட்டில், என் பெயர் கிடையாது. நான் துடைத்த மங்குக்கும் சேர்த்து ஒரு ஆளுக்குத்தான் காசு எழுதினார்கள்.

எடைக்குக் கூலி, தாளுக்குக் கூலி என்றால் இப்படித்தான். கங்காணியே தேவையில்லை, அவன் நம் வீட்டுக்குள் வந்து பாய் விரித்துப் படுத்துக்கொள்வான். மாதச் சம்பளக்காரன் பிள்ளையை ஆபீசுக்குக் கூட்டிப் போகிறானா? துண்டுக் கூலிக்காரன்தான் போவான், இன்னும் நாலு பவுண்டு சேரும் என்பதற்காக. நீங்கள் குடும்பத்துக்கும் படத்துக்கும் நேரத்தைப் பிரிப்பது எப்படி என்று கேட்கிறீர்கள். பிரிக்க என்ன இருக்கிறது? உங்கள் குடும்பம் ஏற்கெனவே உங்கள் நிரையில்தான் நிற்கிறது. மனைவி வண்ணம் நிரப்புகிறார், மகள் மங்கு துடைக்கிறாள். மனைவி பெயர் அந்தப் புத்தகத்தில் எங்காவது அச்சாகிறதா? முதலில் அதைக் கேளுங்கள். அடிவண்ணம் போடுகிறவர்களுக்குப் பெயரும் காசும் தருகிற இடங்கள் இருக்கின்றன.

இன்னொன்று. மரத்தைத் தினமும் வெட்ட மாட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அதற்கு மேல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும், அப்புறம் அந்த மரம் அடுப்புக்குத்தான். துரைமாருக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் மரத்துக்கு ஓய்வு எழுதி வைத்தார்கள். வெட்டுகிறவளுக்கு? இன்று இந்த நிரை, நாளை அடுத்த நிரை, மறுநாள் திரும்ப இது. மரம் ஓய்வெடுத்தது, அம்மா எடுக்கவில்லை. மழை பெய்தால்தான் ஓய்வு, அன்று கூலியும் இல்லை. விடியற்காலையில் தகரக் கூரையில் மழை விழுந்தால் எனக்குச் சந்தோஷம், அம்மா எங்கள் பக்கத்திலேயே இருப்பார். அம்மா மட்டும் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார்.

அதனால்தான் ஆலையை விடலாமா என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 1954இல் உருவானது. தோட்டத்து ஆளுக்கும் மாதச் சம்பளம் வேண்டும் என்று எத்தனை வருடம் கேட்டிருப்பார்கள், எத்தனை கூட்டம், எத்தனை மேடை. மழை பெய்தாலும் அரிசி வாங்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று வந்ததே 2013இல், தீபகற்பத்தில் 900 வெள்ளி, அதாவது ரிங்கிட். 2025இல் 1,700 ஆனது. பெரிய காசு என்று நான் சொல்லவில்லை. ஆனால் மழைக்கு அஞ்சாத காசு. உங்கள் தாத்தா பாட்டி கேட்டுக் கேட்டு வாங்கியதை நீங்கள் 60 நாள் கழித்துக் காசு தருகிற ஒருவரை நம்பித் தூக்கிப்போடப் பார்க்கிறீர்கள். ஆலையில் உங்களுக்குச் சேமநிதி ஓடுகிறது, நூறு வெள்ளிச் சம்பளத்துக்கு முதலாளி 13 வெள்ளி போடுகிறார். சொக்சோ காப்புறுதி இருக்கிறது. நாளைக்கே கை விழுந்தால் வெளிநாட்டுப் பதிப்பாளர் என்ன அனுப்புவார்? ஒரு வருத்தம் தெரிவிக்கும் மின்னஞ்சல்.

கலைக்கு முழுநேரத்தையும் கொடுக்க வேண்டாமா என்பீர்கள். கொடுங்கள், யாருடைய மரம் என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். நம் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவைப் படியுங்கள். ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்னால், வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை உரிமை அவருக்குப் போய்விடும். உங்கள் ஒப்பந்தத்தில் அவர்கள் நாட்டுச் சட்டம் இருக்கும், அதையும் படித்திருக்க மாட்டீர்கள். அந்த 22 பக்கமும் தோட்டத்து மரம் தம்பி. உங்கள் வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு மரம் இருக்கிறதா? மாதம் இரண்டு பக்கம், உங்கள் பெயரில், உங்கள் கதை? கடிதம் முழுக்கத் தேடினேன், காணோம்.

நான் தமிழ்ப்பள்ளியில் 31 வருடம் வேலை பார்த்தேன். எழுதியதெல்லாம் சனிக்கிழமைகளில். பெரிய எழுத்தாளர் ஆகவில்லை, அந்தக் குறை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பிடிக்காத ஒரு வரியைக்கூடக் காசுக்காக எழுதவில்லை. அந்தத் தெம்பை மாதக் கடைசியில் வந்த சம்பளம் கொடுத்தது. நீங்களும் 22 பக்கத்தைப் பத்தாகக் குறைத்துவிட்டுப் பாருங்கள். முடியாது என்று பதிப்பாளர் சொன்னால் வேறு ஆள் பார்க்கட்டும். பத்து மணிக்குப் படுத்தால் வானம் இடிந்துவிடாது.

நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். வெளிநாட்டு நகரம், இரவு, உயரமான கட்டடங்கள், மேலங்கி போட்ட ஒருவன். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, எங்கேயோ பார்த்ததுபோல. ஆனால் கீழ் மூலையில், கடை வாசலில், நான்கு காலையும் நீட்டிப் படுத்திருக்கிறதே அந்த நாய், அதன் வயிற்றுக்குக் கீழே குளிர்ந்த சிமெண்டு தெரிகிறது. அது நம் ஊர் ஐந்தடி நடைபாதை நாய். மூன்று கோட்டில் போட்டிருக்கிறீர்கள். ஷிப்டுக்குப் போகும் வழியில் பார்த்திருப்பீர்கள். அந்த ஊரில் அப்படி நாய் படுக்காது என்பதால்தான் எடுக்கச் சொல்கிறார்களோ என்னவோ. எடுங்கள், ஆனால் திருத்தத்துக்குத் தனிக் காசு கேளுங்கள். நாயை வேறு தாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கை. கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை இரவில் மரத்துப்போகிறது, சுண்டுவிரல் தப்பிக்கிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அது வருவது அதிகம். ஆறு மாதமாகப் பொறுத்துக்கொண்டதை வீரம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அறையலாம் போலிருந்தது. அரசாங்க கிளினிக்கில் பதிவுக்கு ஒரு வெள்ளி. திங்கட்கிழமை போங்கள். டாக்டரிடம் படம் வரைவதை மறைக்காமல் சொல்லுங்கள், எத்தனை மணி நேரம் என்பதையும். என்ன சொன்னார் என்று புதன்கிழமைக்குள் எனக்கு எழுதுங்கள். எழுதவில்லை என்றால் உங்கள் மனைவியைத் தேடி நானே வருவேன். சுங்கை சிப்புட் சின்ன ஊர், செம்பனை ஆலையில் லேப் வேலை பார்த்துக்கொண்டு படம் போடுகிறவர் வீடு எது என்று கேட்டால் மார்க்கெட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள்.

அன்புடன்,
டீச்சர்