கிறிஸ்தவ விசுவாசம் ‘நான் யார்’ என்ற எண்ணத்தை எப்படி மாற்றுகிறது?

‘கிறிஸ்துவுக்குள் என் அடையாளம்’ என்று சபையில் அடிக்கடி சொல்கிறார்களே, அன்றாட வாழ்க்கையில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். சின்ன வயதிலிருந்து அந்த வார்த்தைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் அர்த்தம் பிடிபடத் தொடங்கியது ஒரு படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான்.

11 வருடம் பார்த்த வேலை ஒரே வாரத்தில் கையை விட்டுப் போனது. அடுத்த மாதம் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போயிருந்தேன். பெயர், முகவரி எல்லாம் மளமளவென்று எழுதினேன். ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. பழைய பதவியை எழுதினால் பொய். ‘இல்லை’ என்று எழுதக் கை வரவில்லை. “அப்பா, இது மட்டும் ஏன் காலியா இருக்கு?” என்றாள் மகள். அப்படியே விட்டுவிட்டுக் கொடுத்தேன். வேலை போனதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. அதோடு நானும் இல்லாமல் போய்விட்ட மாதிரி இருந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த நாட்களில் மத்தேயு சுவிசேஷம் வாசித்துக்கொண்டிருந்தேன். 3-ஆம் அதிகாரத்தில் இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறுகிறார். ‘இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்’ என்று வானத்திலிருந்து சத்தம் வருகிறது. எத்தனையோ தடவை வாசித்த இடம்தான். அது எப்போது நடக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். மத்தேயுவில் அதுவரை அவர் ஒரு நோயாளியையும் குணமாக்கவில்லை, ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒரு சீஷனையும் அழைக்கவில்லை. பாராட்டும்படி எதுவும் செய்து முடிக்கும் முன்பே பிதாவின் பிரியம் வந்துவிட்டது. அடுத்த அதிகாரத்தில் சோதனைக்காரன் வந்து என்ன கேட்கிறான்? ‘நீர் தேவனுடைய குமாரனேயானால்’ இந்தக் கல்லுகளை அப்பங்களாக்கும் என்கிறான். குமாரன்தான் என்றால் செய்து காட்டு! எனக்குள் 11 வருடம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த குரலும் இதுதான் என்று தெரிந்தபோது வேதத்தை மூடிவைத்துவிட்டு அழுதேன்.

சரி, வேலை போனது என் தப்பில்லை. நானே செய்த தப்புகள்? அங்கே எனக்கு இயேசுவின் சீஷர் பேதுரு துணை. குளிருக்குப் போட்ட கரிநெருப்பருகே நின்று, இயேசுவைத் தெரியாது என்று 3 தரம் சொன்னவர். யோவான் 21-இல், உயிர்த்தெழுந்த இயேசு கரையில் மீன் சுட்டுவைத்துக் காத்திருக்கிறார், அதுவும் கரிநெருப்பில். அந்த வாசம் பேதுருவுக்கு எதையெல்லாம் ஞாபகப்படுத்தியிருக்கும்! இயேசு பழையதைச் சொல்லிக் காட்டவே இல்லை. என்மேல் அன்பிருக்கிறதா என்று 3 தரம் கேட்டு, 3 தரமும் ஆடுகளை அவர் கையில் ஒப்படைக்கிறார். ‘மறுதலித்தவன்’ என்ற பெயர் அவருக்கு நிலைக்காமல் போனது அந்தக் கரையில்தான். மன்னிக்கப்பட்டவன் என்று என்னைப் பற்றி நினைக்க ஆரம்பித்த பிறகு, என் தப்பை ஒப்புக்கொள்வது எனக்கு எளிதாகிவிட்டது. முன்பெல்லாம் மனைவியிடம் ‘மன்னித்துக்கொள்’ என்று சொல்ல இரண்டு நாள் ஆகும்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு, நானே விழுந்த குழி. விசுவாசத்தையே இன்னொரு பதவியாக்கிக்கொள்ளலாம். லூக்கா 18-இல் இயேசு சொல்லும் கதையில் வரும் பரிசேயன், அதாவது மதச் சட்டங்களைக் கறாராகக் கடைப்பிடிப்பவன், தான் மற்றவர்களைப் போல இல்லை என்று ஜெபத்திலேயே கணக்குக் காட்டுகிறான். பக்கத்தில் ஊரே வெறுத்த வரி வசூலிப்பவனான ஒரு ஆயக்காரன் இல்லாவிட்டால் அவனுக்கு அடையாளமே இல்லை. இன்னொன்று பாருங்கள்: ‘கிறிஸ்தவர்’ என்ற பெயர் புதிய ஏற்பாட்டில் மொத்தமே 3 இடங்களில்தான் வருகிறது. சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலன் பவுல் திரும்பத் திரும்ப எழுதுவது ‘கிறிஸ்துவுக்குள்’ என்றுதான். முதலாவதை மார்பில் பேட்ஜ் மாதிரி குத்திக்கொண்டு திரியலாம், இரண்டாவதில் குடியிருக்கத்தான் முடியும்.

விசுவாசம் வந்துவிட்டால் ‘நான் யார்’ என்ற கேள்வி அடங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹிட்லரை எதிர்த்துச் சிறையிலிருந்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1944-இல் இதே கேள்வியைத் தலைப்பாக வைத்து ஒரு கவிதை எழுதினார். சிறையில் மற்றவர்கள் பார்க்கும் நிதானமான மனிதனா, உள்ளே தவித்துக் களைத்துப்போன மனிதனா, எது நான் என்று கடைசிவரை அவருக்கே தீர்மானமாகவில்லை. நான் யாராக இருந்தாலும் தேவனே, நான் உம்முடையவன் என்கிற பொருளில்தான் முடிக்கிறார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

எனக்கு வேறு வேலை கிடைத்தது, முன்பைவிடச் சின்னது. போன வருடம் மகளுக்காக இன்னொரு படிவம் நிரப்பினேன், அதே கட்டம் இருந்தது. உள்ளதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அது அவளுடைய ரத்த வகையைக் கேட்டது. அதுதான் ஞாபகம் வராமல் அவளிடமே கேட்டு எழுதினேன்.